சாட்டன் வீட்டை உண்மையில் மீட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வரலாற்றுப் புனைவு பற்றிய கட்டுரையில், தம் அபிமான எழுத்தாளருக்காக ஒன்றுகூடும் கிராமத்தாரின் கதைக்கு உதாரணமாக இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் சாட்டன் கிராமமும் அங்கே ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த வீடும் குறிப்பிடப்பட்டிருந்தன. இத்தகைய புனைவுகளின் ஈர்ப்பைக் கட்டுரையாளர் நன்றாகவே உணர்த்தியிருக்கிறார். ஆயினும் அந்த வீட்டை உண்மையில் மீட்டுக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளித்தது.

தந்தை 1805-இல் இறந்தபின் நிலையான வீடின்றி இடம் மாறிக்கொண்டிருந்த ஜேன், தாயுடனும் தமக்கை கசாண்ட்ராவுடனும் தோழி மார்த்தா லாயிடுடனும் 1809-இல் சாட்டனுக்கு வந்தார். வசதியான உறவினருக்குத் தத்துப் போயிருந்த அண்ணன் எட்வர்ட், தம் பண்ணையைச் சேர்ந்த அந்த வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார். முன்பே எழுதியவற்றைத் திருத்தியதும் புதியவற்றை எழுதியதும் அங்கேதான். 1811 முதல் 1815 வரை நான்கு நாவல்கள் அவர் பெயர் இல்லாமலேயே வெளிவந்தன. 1817-இல் அவர் மறைந்தார். கசாண்ட்ரா 1845-இல் காலமானபின் வீடு பல பகுதிகளாகத் தடுக்கப்பட்டுப் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குடியிருப்பாயிற்று.

அந்த வீட்டுக் கணப்படுப்பின் பழைய இரும்புக் கிராதி பெயர்த்து எறியப்பட்டுக் கிடந்ததைக் கண்டு மனம் பதைத்த டோரதி டார்னெல் என்ற பெண்மணி, சகோதரி பியாட்ரிக்ஸ், எழுத்தாளர் எலிசபெத் ஜென்கின்ஸ் ஆகியோருடன் சேர்ந்து ஜேன் ஆஸ்டின் சங்கத்தைத் தொடங்கியது 1940 மே மாதத்தில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் பிரான்சுக்குள் புகுந்து, அங்குள்ள டன்கர்க் கடற்கரையிலிருந்து நேச நாட்டு வீரர்களை மீட்கும் பணி தொடங்கிய அதே மாதம் அது. நாடு பிழைக்குமா என்றே தெரியாத வேளையில் ஒரு நாவலாசிரியரின் வீட்டைப் பற்றிக் கவலைப்படும் துணிவு அவர்களுக்கு இருந்தது. எந்தக் கற்பனைக் காட்சியைவிடவும் இதுவே என்னை நெகிழ வைக்கிறது.

வீட்டை வாங்கும் பணம் வந்த வழி அதைவிடத் துயரமானது. சங்கத்தின் வேண்டுகோளைக் கண்ட லண்டன் வழக்கறிஞர் எட்வர்ட் கார்பென்டர், 1944-இல் இத்தாலிப் போர்முனையில் உயிரிழந்த தம் மகன் லெப்டினன்ட் பிலிப் ஜான் கார்பென்டரின் நினைவாக, 3,000 பவுண்டு கொடுத்து 1947-இல் அந்த வீட்டை வாங்கி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1949 ஜூலையில் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மகனை இழந்த ஒரு தகப்பனின் கொடை என்பதை அறியாமல் அந்த வீட்டின் கதையை முழுமையாக அறிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

புனைவாசிரியர் கற்பனை மாந்தரைப் படைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆவணங்களில் பெயரோடு இருப்பவர்களை அகற்றிவிட்டு அவர்கள் செய்த செயலை வேறொருவர் மீது ஏற்றும்போது, நூலின் இறுதியில் உண்மை எது, கற்பனை எது என்று வாசகருக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பதே என் கருத்து. கற்பனைக்கு உரிய இடமும் அந்த வீட்டிலேயே தாராளமாக உண்டு. நூறாண்டு காலம் அங்கே சமைத்து, பிள்ளை பெற்று, வயல்வேலைக்குப் போய் வந்த தொழிலாளர் குடும்பங்களில் யாரேனும் அந்த நாவல்களைப் படித்தார்களா? வாசல் தேடி வந்த அன்பர்களை என்ன நினைத்தார்கள்? வரலாறு அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாவலாசிரியர் நுழைய வேண்டிய கதவு அது.

இனி இத்தகைய நாவல்களுக்கு மதிப்புரை வெளியிடும்போது, கதைக்குப் பின்னுள்ள மெய்யான நிகழ்வுகளையும் மனிதர்களையும் பற்றிய சிறு குறிப்பையும் உடன் சேர்த்து வெளியிடுமாறு தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்