இல்மாட்டிக் கேட்ட ஆண்டு: செயலாளர் அறிக்கை, ஏப்ரல் 2024 – மார்ச் 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க் குவீன்ஸில் வசிக்கும் தமிழர்கள் கூடி இசைத்தட்டு கேட்கும் நம் வட்டம் ஆண்டுக்கு ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். இம்முறை எதை எடுப்பது என்று விவாதமே எழவில்லை. ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்' 1994 ஏப்ரல் 19 அன்று கொலம்பியா நிறுவன வெளியீடாக வந்தது. வயது முப்பது ஆகிவிட்டது. பாடியவருக்கு அப்போது இருபது வயது. அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பும் நம் குவீன்ஸில்தான் இருக்கிறது. பத்தே தடங்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புகழுரைகளுக்குப் பஞ்சமில்லாத ஆல்பம் என்பதால், யாரும் பேச்சு தயாரித்து வர வேண்டாம், காதால் சரிபார்ப்போம் என்று செயற்குழு தீர்மானித்தது. ஆண்டு முழுவதும் அப்படியே நடந்தது.

முதல் அமர்வில் ஆல்பத்தை இரு பக்கமும் நிறுத்தாமல் கேட்டோம். தட்டின் பக்கங்களுக்கு ஏ, பி என்று பெயரில்லை. '40வது சைட் நார்த்', '41வது சைட் சவுத்' என்று குடியிருப்பின் தெரு எண்களே பெயராக நிற்கின்றன. அன்று மூன்று கோளாறுகள். பூமிக்கம்பி தளர்ந்து ஒலிபெருக்கியில் ஓயாத ரீங்காரம். திருகை இறுக்கியதும் நின்றது. சாம்பார்ப் பாத்திரத்தைத் தட்டுச்சுழலி இருந்த மேசையிலேயே வைத்ததால், கரண்டி போடும்போதெல்லாம் ஊசி துள்ளியது. இனி சாப்பாட்டுக்குத் தனி மேசை. மூன்றாவதுதான் முக்கியம். 2 கிராம் அழுத்தம் வேண்டிய ஊசிக்கு, தட்டு தேயாமல் இருக்கட்டும் என்று 1.2 கிராம் வைத்திருந்தோம். எடை குறைந்த ஊசி பள்ளத்தின் சுவரைப் பற்றாமல் மோதிக்கொண்டே போகும். தட்டைக் கெடுப்பதே அதுதான். சிறு மின்தராசு ஒன்று வாங்கியாயிற்று.

அழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் கடைசித் தடமான 'இட் எய்ன்ட் ஹார்ட் டு டெல்' பாட்டில் 'ஸ்' ஒலிகள் கரகரத்தன. இது நம் கருவியின் குற்றம் மட்டுமல்ல. தட்டின் விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். மையத்தை நெருங்க நெருங்க அது ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே ஒலி பாதி நீளத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது ஊசி தடுமாறத்தான் செய்யும்.

இரண்டாம் அமர்வு மூலத்தட்டுகளுக்கானது. அதாவது, ஆல்பத்தின் இசைத் தயாரிப்பாளர்களான பீட் ராக், டிஜே பிரீமியர், க்யூ-டிப், லார்ஜ் புரொஃபசர் ஆகியோர் துணுக்குகளை (சாம்பிள்) எடுத்த பழைய தட்டுகள். ஒரு மூலம், உடனே அதிலிருந்து பிறந்த பாட்டு என்று மாறி மாறிப் போட்டோம். அகமது ஜமாலின் 1970ஆம் ஆண்டு 'தி அவேக்கனிங்' ஆல்பத்திலுள்ள 'ஐ லவ் மியூசிக்' நீண்ட பியானோ வாசிப்பு. பீட் ராக் அதிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குதான் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' முழுவதையும் தாங்குகிறது. 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டின் இருண்ட பியானோவை டிஜே பிரீமியர் எடுத்தது ஜோ சேம்பர்ஸின் 'மைண்ட் ரெயின்' என்ற இசையிலிருந்து. சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதமாக அமைந்த 'ஒன் லவ்' பாட்டுக்கு க்யூ-டிப் ஹீத் பிரதர்ஸ் என்ற ஜாஸ் குழுவை நாடியிருக்கிறார். கடைசித் தடத்தில் லார்ஜ் புரொஃபசர் எடுத்தது மைக்கேல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்'. மூலமே கடன் வாங்காத ஒரு துளியும் உண்டு. ஏஇசட் என்ற ராப் பாடகருடன் நாஸ் பாடும் மூன்றாம் தடத்தின் முடிவில் வரும் கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்தவர் நாஸின் தந்தை ஓலு டாரா.

மூன்றாம் அமர்வுதான் இந்த ஆண்டின் உச்சம் என்பது என் கருத்து. அக்காலத்தில் பீட் ராக் போன்றவர்களின் கையிலிருந்த எஸ்பி-1200 என்ற சாம்பிள் பதியும் கருவியில் மொத்த நினைவகமே சுமார் 10 விநாடி. ஒரு சாம்பிளுக்கு 2.5 விநாடிதான் இடம். நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் நாலு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் 2.67 விநாடி ஓடும், உள்ளே போகாது. அதற்கு அவர்கள் கண்ட வழி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவது. நேரம் 1.35ஆல் வகுபட்டு 1.98 விநாடியாகச் சுருங்கும், தாராளமாக அடங்கும். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பழைய எஸ்பி-1200 வாங்க நம் கஜானா இடம் தராது. அதனால் மடிக்கணினியில் அதே கட்டுப்பாடுகளை வைத்துச் செய்து பார்த்தோம்: 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் பதிவு வேகம், 2.5 விநாடி. முதல் முயற்சி சொதப்பியது. சரியாக ஐந்து அரைச்சுரம் இறக்கிவிட்டு நிறுத்திக்கொண்டோம். 1.35 என்ற விகிதத்துக்கு இறக்க வேண்டியது 5.2 அரைச்சுரம். அந்த மிச்சத்தால் துணுக்கு 30 மில்லிவிநாடி முந்தி முடிந்து, ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் இறுதியிலும் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. நுண்சுருதியையும் இறக்கியதும் அடைபட்டது. இன்னொன்றும் காதில் விழுந்தது. இந்தப் பதிவு வேகத்தில் பாதியான 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் தங்காது. சுருதி இறக்கினால் அந்த எல்லை 9.6க்கு வந்துவிடும். பழைய ராப் தட்டுகளில் நாம் 'புழுதி' என்று ரசிக்கிற மங்கலில் பெரும்பங்கு இந்தச் சிக்கன வேலையின் பக்கவிளைவுதான். இன்றைக்கு அதே மங்கலைத் தனி மென்பொருளாகக் காசுக்கு விற்கிறார்கள்!

குவீன்ஸ்பிரிட்ஜ் நடை ஒருமுறை நடந்தது. சுரங்க ரயிலில் 21வது தெரு–குவீன்ஸ்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே குடியிருப்பு: 3,000க்கும் மேற்பட்ட வீடுகள். மார்லி மார்ல், எம்சி ஷான், மாப் டீப்பின் ஹேவாக் என்று பல ராப் கலைஞர்களைத் தந்த மண். அது மக்கள் வாழும் இடம், அருங்காட்சியகம் அல்ல. எனவே எட்டுப் பேருக்கு மேல் போகவில்லை, ஒலிபெருக்கி இல்லை, ஆட்களைப் படமெடுக்கவில்லை. அடுத்த முறையும் இதே விதிகள்.

கடைசி அமர்வில் ஆல்பம் விட்டுச்சென்றது என்ன என்ற பேச்சு சூடாகவே நடந்தது. விற்பனை தொடக்கத்தில் மந்தம். வெளிவருமுன்பே திருட்டுப் பிரதிகள் தெருவில் சுற்றின. 'தி சோர்ஸ்' இதழ் தன் உச்ச மதிப்பீடான ஐந்து மைக் கொடுத்தும், பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று கிடைக்க 2001 ஆயிற்று. 1996இல் ராப் பாடகர் ஜே-ஸி நாஸின் குரலையே சாம்பிளாக எடுத்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இப்போது இடம் உண்டு. சண்டை வந்தது வேறொன்றில். ஒரு ராப் ஆல்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே இசைத் தயாரிப்பாளர் அல்லது குழு என்றிருந்த வழக்கத்தை மாற்றி, பாட்டுகளைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் பாணியைப் பரப்பியதில் இல்மாட்டிக்குக்குப் பெரும்பங்கு. அதைப் பார்த்து வந்த பல ஆல்பங்கள் கதம்பமாகிப் போனதற்கும் இதுவே பொறுப்பா? இல்லை என்போர் சொன்ன காரணம் எனக்கு ஏற்புடையது: இங்கே தயாரிப்பாளர்கள் ஐவரும் நியூயார்க் ராப் வட்டாரத்தில் இயங்கியவர்கள், ஒரே மாதிரிப் பழைய தட்டுகளைத் துழாவியவர்கள். பெயர்ப்பட்டியலை நகலெடுத்தவர்கள் இந்த ஒற்றுமையை எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கை பொருளாளர் தனியே வாசிப்பார். ஊசி, தராசு, மூலத்தட்டுகள் ஆகியவையே பெரிய செலவுகள். சந்தாவில் மாற்றம் இல்லை. இரவல் பெற்ற தட்டுகளைத் திருப்பித் தராதவர்கள் இந்த மாத இறுதிக்குள் தரவும். அகமது ஜமால் தட்டு இன்னும் யாரிடமோ இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்