கலந்து பேசுவதுதான் ஆலோசனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்புகளில் வரும் குடும்பக் கேள்வி–பதில் பகுதிகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். 'மகன் சொல்பேச்சு கேட்பதில்லை, என்ன செய்வது?' என்று பத்து வரியில் கேள்வி. 'இப்படிச் செய்யுங்கள்' என்று இருபது வரியில் பதில். பதில் எழுதுபவர்கள் அக்கறையோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் இதையே படித்துப் பழகிய வாசகர், மனநல ஆலோசகரின் அறைக்குள்ளும் அதே எதிர்பார்ப்போடு நுழைகிறார்: பிரச்சினையை நாம் சொல்வோம், தீர்ப்பை அவர் சொல்வார். ஆலோசனை பாழாவது பெரும்பாலும் அங்கேதான்.

இலங்கைத் தமிழர்கள் இந்தப் பணியை 'உளவளத்துணை' என்கிறார்கள். அந்தத் 'துணை' என்ற சொல் நம் பக்கத்து 'ஆலோசனை'யில் இல்லை. ஆனாலும் நம்மிடம் 'கலந்தாலோசிப்பது' என்ற பேச்சு இருக்கிறது. நல்ல ஆலோசகர் செய்வது அதைத்தான்.

ஓர் உதாரணம். நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதத் தயாராகும் 18 வயது மகனை அப்பாவும் அம்மாவும் அழைத்து வருகிறார்கள். ஆலோசகருக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா உட்காருகிறார், பையன் கதவோரம். 'ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல சார், எந்நேரமும் போன். நீங்க சொன்னா கேப்பான்.' இந்த இடத்தில் ஆலோசகர் பையனைப் பார்த்து நாலு புத்தி சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவன் கணக்கில் அவர் வீட்டின் மூன்றாவது பெற்றோர். நான்கு நாள் சொன்னபடி நடப்பான், ஐந்தாம் நாள் நின்றுவிடும். பிறகு 'டாக்டர் சொல்லியே கேக்கல' என்ற கூடுதல் பட்டமும் அவன் தலையில் ஏறும்.

கலந்து பேசும் முறையில் முதல் கேள்வியே வேறு. 'இன்னைக்கு இங்க வரணும்ங்கிறது யாரோட யோசனை? மத்தவங்களுக்கு இதுல எவ்வளவு சம்மதம்?' ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும். அடுத்து, 'தம்பி, உங்களை நீங்கன்னு கூப்பிடட்டுமா, நீன்னு கூப்பிடட்டுமா?' அப்பாவுக்கு இது வேடிக்கையாகப் படலாம். பையனோ அந்த ஒரு கேள்வியிலேயே தலை நிமிர்ந்து பார்ப்பான். நாற்காலிகள் எல்லாம் ஒரே உயரத்தில், வட்டமாக, நடுவில் மேசை இல்லாமல் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

பிறகு, வந்த குறையை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் குறிக்கோளாக மாற்ற வேண்டும். முதல் சந்திப்பின் கடினமான வேலை இதுதான். குடும்பத்தோடு என்றால் 90 நிமிடமாவது வேண்டும். 'அவன் மாற வேண்டும்' என்பது குறிக்கோள் ஆகாது. 'வாரத்தில் மூன்று நாள் ராத்திரிச் சாப்பாடு ஒன்றாக, அந்த அரை மணி நேரம் மார்க் பேச்சு கிடையாது' என்பது ஆகும். யார் என்ன செய்வது, எந்த நாள், தவறினால் யார் எப்படிச் சொல்வது என்பது வரை பேச வேண்டும். பையனுக்கு ஒரு வேலை என்றால் பெற்றோருக்கும் ஒன்று இருக்க வேண்டும்.

சிகிச்சை உறவு மூன்று கால்களில் நிற்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார்: எதற்காக என்பதில் உடன்பாடு, எப்படி என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கை. நம் ஊரில் மூன்றாவது எளிதில் வந்துவிடுகிறது, மரியாதையே பாதி நம்பிக்கையாகிவிடும். முதல் இரண்டையும் பேசாமலே தாண்டிப் போகிறார்கள்.

முன்னேற்றத்தை அளக்க 0 முதல் 10 வரை ஓர் எண் கேட்பது எளிய வழி. அம்மா 3 என்கிறார். 'ஏன் 10 இல்லை?' என்று கேட்டால் புகார்ப் பட்டியல் வரும். 'ஏன் 1 இல்லை?' என்று கேட்டால், போன வாரம் அவன் தானாக வந்து காபி கேட்டது நினைவுக்கு வரும். 'இது 4 ஆனால் வீட்டில் முதலில் யாருக்குத் தெரியும், எதை வைத்துத் தெரியும்?' என்பது அடுத்த கேள்வி. ஒரு படிதான் கேட்க வேண்டும். 3இலிருந்து 9க்குத் தாவச் சொல்லும் வீட்டுப்பாடங்கள் இரண்டாம் வாரமே கைவிடப்படுகின்றன.

இப்படிக் கலந்து பேசுவது எங்கிருந்தோ வந்த மோஸ்தர் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸில் குடும்ப சிகிச்சையாளர்களான ஹார்லீன் ஆண்டர்சனும் ஹாரி கூலிஷியனும், வந்திருப்பவர் வாழ்க்கையைப் பற்றி ஆலோசகர் 'தெரியாதவராக' உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார்கள். வடக்கு நார்வேயில் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சன் 1985இல் ஒரு காரியம் செய்தார். குடும்பத்தின் சந்திப்பை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்து நிபுணர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அதுவரை வழக்கம். அந்தப் பேச்சைக் குடும்பமே கேட்கும்படி விளக்கையும் ஒலியையும் மாற்றிப் போட்டார். நம்மைப் பற்றி நம் முதுகுக்குப் பின்னால் பேசக் கூடாது என்ற நாகரிகம் அப்படித்தான் சிகிச்சை முறையாக ஆனது. நம் நாட்டிலும் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் குடும்பத்தினரை நோயாளிகளோடு கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் உறவினரை உடன் தங்கவைத்தே சிகிச்சை தருகிறது. குடும்பத்தை உள்ளே அழைப்பதில் நாம் பிந்தியவர்கள் அல்ல. அழைத்தபின் அவர்களைக் கேட்கிறோமா, அவர்களுக்குச் சொல்கிறோமா என்பதுதான் என் கவலை.

தவறு நடக்கும் இன்னோர் இடம் ரகசியம். சந்திப்புக்கு முந்தைய நாள் அம்மா தனியே போன் செய்து, 'நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க, அவனுக்கு ஒரு பொண்ணோட பழக்கம்' என்கிறார். அதை வாங்கி வைத்துக்கொண்ட ஆலோசகர் மறுநாள் யார் பக்கமும் நிம்மதியாக உட்கார முடியாது. தனியே சொல்வது என்ன ஆகும் என்ற விதியை முதல் பத்து நிமிடத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். 18 வயதானவர் தனியே பேசியதை அவர் சம்மதமின்றிப் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் அந்த விதி பொருந்தாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். இந்த விலக்குகளையும் அதே பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டாக முடிவு செய்ய முடியாது. அடி உதை நடக்கும் வீட்டில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பது ஆபத்து. அறையில் அவள் வாய் திறந்ததற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அங்கே முதலில் தனித்தனிச் சந்திப்பும் அவள் பாதுகாப்பும்தான். அதேபோல், இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் போய் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவரை மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்கக் கூடாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கலந்து பேசுவது என்றால் தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்கிவிடுவது அல்ல. மருந்து, பேச்சு சிகிச்சை, இரண்டும் சேர்த்து என்று வழிகளை முன்வைத்து, ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும், எவ்வளவு நாளாகும் என்று சொல்லி, அவரோடு சேர்ந்து தேர்வது.

தனி ஆளாக வருபவருக்கும் இதே ஒழுங்குதான். சந்திப்பு 50 நிமிடம் என்றால் கடைசி ஐந்து நிமிடம் அவருடையது. அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்காட் மில்லர், பாரி டங்கன் முதலியோர் வகுத்த ஒரு தாள் இதற்கு உண்டு. அதில் 10 சென்டிமீட்டர் கோடுகள் நான்கு: என்னை மதித்துக் கேட்டாரா, நான் பேச விரும்பியதைப் பேசினோமா, முறை எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொரு கோட்டிலும் அவர் வைக்கும் புள்ளியை அளந்து கூட்டினால் அதிகபட்சம் 40, 36க்குக் கீழே வந்தால் எங்கே குறைந்தது என்று அப்போதே பேச வேண்டும். நம்மவர்கள் 'அவங்க மனசு நோகுமே' என்று நான்கு கோட்டிலும் கடைசி முனையில் புள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் தாளோடு நிறுத்தாமல், 'இன்னைக்கு நான் கேட்காம விட்ட கேள்வி எது?' என்று வாயாலும் கேட்பது நல்லது. குறை சொல்வது போல் தோன்றாததால் பதில் வரும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி–பதில் பகுதியை நிறுத்த வேண்டாம். ஆலோசகரை முதல் முறை பார்க்கப் போகிறவர் அவரிடம் கேட்க வேண்டியவற்றை மட்டும் அதன் கீழே ஒரு கட்டத்தில் அச்சிடுங்கள்: உங்கள் படிப்பும் பயிற்சியும் என்ன? நான் சொல்வதில் எது வெளியே போகும்? எத்தனை சந்திப்புக்குப் பிறகு பலன் இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்? எனக்கு ஒத்துவரவில்லை என்றால் எப்படிச் சொல்வது? கூடவே, கட்டணமின்றி 24 மணி நேரமும் பேசக்கூடிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்களையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப நல ஆலோசகர் ஒருவர்,
மதுரை.