சந்தேகப்பட ஏழு பேர், பார்க்கக் கடிகாரம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கொலை மர்மத் தொடர்களில் சந்தேக நபர்களுக்குக் குறைவே இல்லை. மருமகன், பங்காளி, கணக்கப்பிள்ளை, மாடியில் குடியிருப்பவர், சமையல்கார அம்மா என்று ஏழெட்டுப் பேர் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கொல்லக் காரணமும் இருக்கிறது. நேரக் கணக்குதான் இல்லை. யார் எப்போது எங்கே இருந்தார் என்று எழுத்தாளர் கணக்கு வைக்காததால், கடைசி வாரம் எவரைக் கொலைகாரர் என்று காட்டினாலும் கதை பொருந்திப் போகிறது. அப்படிப்பட்ட கதையில் வாசகர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

கணக்கு முதலில் கெடுவது டாக்டர் வரும் காட்சியில். உடலைத் தொட்டுப் பார்த்ததுமே "இரவு ஒன்பதே கால்" என்கிறார். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்ல முடியாது. சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்வார். சென்னையில் அதுவும் எளிதல்ல. இறந்த உடல் மணிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. மே மாதத்து மொட்டைமாடி அறையில் காற்றே 36, 37 டிகிரி இருக்கும்போது 37 டிகிரி உடல் எங்கே குளிர்வது? அங்கே மற்ற அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். கண்ணிமையிலும் தாடையிலும் விறைப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். கோடையில் சீக்கிரமே தளர்ந்தும் விடும். வலது அடிவயிற்றில் பச்சை நிறம் 12 முதல் 18 மணி நேரத்தில் தெரியும். ரத்தம் தாழ்ந்த பக்கம் இறங்கித் தேங்கும் ஊதா நிறம் 6 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். குப்புறக் கிடக்கும் உடலின் முதுகில் அந்த நிறம் இருந்தால், இறந்து பல மணி நேரம் கழித்து யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எழுத்தாளர் இந்த ஒரு குறிப்பை வைத்தே அரைத் தொடரை நடத்தலாம்.

ஏசி அறை என்றால் இன்னும் நல்லது. உடல் சீக்கிரம் சில்லிடும், ஆனால் அழுகல் தாமதமாகும். ஒரு அடையாளம் சாவை முன்னே தள்ளும், இன்னொன்று பின்னே இழுக்கும். இதில் ஒரு மின்வெட்டைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் விளக்கு, மின்விசிறிக்கு மட்டும்தான், ஏசி நின்றுவிடும். கரண்ட் வந்ததும் சில ஏசிகள் தாமாக ஓடும், சில ரிமோட்டை அழுத்தினால்தான் ஓடும். அந்த அறையில் இருப்பது இரண்டாவது வகை, காலையில் கதவைத் திறக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், கரண்ட் வந்த பிறகு உள்ளே இருந்தவர் யார்? கரண்ட் எத்தனை மணிக்கு வந்தது என்பது தெருவுக்கே தெரியும். ஏழு பேரில் நான்கு பேர் இங்கேயே கழிந்துவிடுவார்கள். வாசகரும் அதைத் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வெளியாள் வர முடியாத இடத்துக்காக நம் எழுத்தாளர்கள் ஏனோ மலை பங்களாவைத் தேடிப் போகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாள்கணக்கில் தண்ணீர் வடியாதபோதும் ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பும் தனித் தீவாகத்தான் இருந்தது. மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் இல்லை, கேமரா பதிவு இல்லை, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வழியில்லை. பக்கெட் தண்ணீரை அளந்து செலவிடும் அந்த நாளில் ஒருவர் மட்டும் சட்டையை அலசிக் கொடியில் போட்டிருந்தால் அதைவிட நல்ல தடயம் வேண்டுமா? ஆனால் மீட்புப் படகுகள் வந்து போனதையும் மறக்கக் கூடாது. எந்தப் படகு எப்போது வந்தது, யார் ஏறினார்கள் என்று சொல்லி அந்த ஓட்டையை அடைத்தால்தான் தீவு தீவாக இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர் கையில் ஒரு அருமையான கருவி சும்மா கிடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரவில் சுவர் வழியே கேட்டது ஒரே சொல் என்று வைத்துக்கொள்வோம். அது "வா" என்பதா, "வாங்க" என்பதா? அறுபது வயது முதலாளி மாப்பிள்ளையை "வாங்க" என்பார். சொந்தத் தம்பியை "வாடா" என்பார். டிரைவரை "வாப்பா" என்பார். அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். கொலையாளி ஆணா பெண்ணா என்பதை மறைக்க "அந்த உருவம் நகர்ந்தது" என்று வாராவாரம் எழுதுவதை விட்டுவிட்டு இந்த வழியை முயலலாம்.

விஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரளி விதை கடுமையாகக் கசக்கும். பாயசத்தில் கலந்து யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட முடியாது. ஒரு வாய் குடித்ததும் ஆள் சரியவும் மாட்டார். வாந்தியும் இதயத் துடிப்புக் கோளாறுமாக மணிக்கணக்கில் இழுக்கும். ஆகவே கொடுத்த நேரமும் இறந்த நேரமும் வேறு வேறு. இறந்த நேரத்தில் கூடத்தில் இருந்தவருக்குச் சாட்சி இருக்கிறது என்பதே அர்த்தமற்றதாகிவிடும். உள்ளுறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது உப்புக் கரைசலில் வைப்பார்கள். கதையில் வருவதுபோல ஃபார்மலினில் போட்டால் பல விஷங்களைப் பிரித்தறிவதே கடினம். முடிவும் அன்று மாலையே வராது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, துப்பறிபவர் பேசப் பேச, கொலையாளி இன்ஸ்பெக்டரிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறார். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது இது, 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. காவலில் இருக்கும்போது அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். எனவே அழுகையை நம்பிக் கதையை முடிக்காமல், கிணற்றில் கிடந்த கத்தியையோ ரிமோட்டில் இருந்த கைரேகையையோ வைத்து முடிக்க வேண்டும்.

வாரத் தொடரில் இன்னொரு சிரமம் இருப்பதை மறுக்கவில்லை. மூன்றாம் வாரம் வந்த தடயம் பன்னிரண்டாம் வாரம் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் முக்கியமான தடயம் மூன்று முறையாவது வெவ்வேறு உருவில் வர வேண்டும்: ஒருமுறை வர்ணனையில், ஒருமுறை வேறொருவர் பேச்சில், ஒருமுறை வேறு ஏதோ சண்டைக்கு நடுவில். பெயர்களிலும் கவனம் தேவை. சுந்தரம், சுந்தரேசன், சுந்தரி மூவரும் ஒரே கதையில் இருந்தால் வாரம் ஒருமுறை படிப்பவர் என்ன செய்வார்?

தங்களிடம் கேட்பது இரண்டு. தொடரை ஏற்கும் முன்பு, ஒவ்வொரு சந்தேக நபரும் அரை மணிக்கு அரை மணி எங்கே இருந்தார், எதில் பொய் சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று ஒரு பக்க அட்டவணையை எழுத்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். முடிவு வெளியாகும் வாரத்தில், எந்தத் தடயம் எந்தத் தேதி இதழில் வந்தது என்பதைக் கதைக்குக் கீழே சிறு கட்டமாக அச்சிடுங்கள். பழைய இதழ்களை எடுத்து வைத்துச் சரிபார்க்க வாசகர்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்,
மந்தைவெளி, சென்னை.