பீபிள்ஸில் வழி சொன்னவருக்கு நன்றி

ஸ்காட்லாந்தின் கிளென்ட்ரெஸ் காட்டில், சைக்கிள் கழுவும் இடத்தில் பேச்சுக் கொடுத்த பெரியவருக்கு நன்றி. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தின்படி தரம் பிரித்த சைக்கிள் பாதைகளிலேயே இரண்டு நாள் சுற்றிச் சலித்திருந்தேன். பக்கத்து ஊரான பீபிள்ஸுக்குத் தெற்கே ஒரு பழைய மாட்டுப் பாதை இருப்பதாகச் சொல்லி, என் வரைபடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தந்தீர்கள். அந்தக் காலத்தில் வடக்கு மலைநாட்டு மாடுகளை இங்கிலாந்துச் சந்தைக்கு ஓட்டிப்போன வழி. முதலில் இருபுறமும் கல் சுவர், அப்புறம் வெறும் புல்லும் ஹெதர் புதரும்தான். பாதி ஏற்றம் தள்ளிக்கொண்டே போனேன், அதை விடுங்கள். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்போடு ஓட்ட எவருக்கும் அங்கே உரிமை உண்டு, ஆடுகள் வந்தால் மட்டும் இறங்கிவிடுங்கள் என்றீர்கள். இறங்கினேன். கேட்டையும் மறக்காமல் சாத்தினேன். உங்கள் பேனாதான் என் பையிலேயே வந்துவிட்டது.