செயலாளரின் ஆண்டறிக்கை: தேங்கி நிற்கும் மதிப்பாய்வுகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கட்டுரையாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கூட்டங்கள் விதிப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். புதியவர்களுக்கான தொகுத்தல் பயிற்சியில் குறையொன்றும் இல்லை. இவற்றை இத்தோடு நிறுத்திக்கொண்டு, ஆண்டு முழுக்க நம்மை விடாமல் துரத்திய விஷயத்துக்கு வருகிறேன்: நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் மதிப்பாய்வுக்குக் காத்துக் கிடக்கும் கட்டுரைகள்.

நிலுவையைப் பாதியாக்குவோம் என்று சென்ற பொதுக்குழுவில் கைதட்டித் தீர்மானம் போட்டோம். வரிசை குறைந்தது உண்மைதான். எப்படிக் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் மதிப்பாய்வுப் போட்டி நடத்தி, அதிகம் முடித்தவருக்குப் பதக்கம் என்று அறிவித்தோம். பதக்கம் என்றதும் எல்லோருக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. எழுத்துப்பிழை பார்த்தோம், படத்தின் உரிமம் பார்த்தோம், பத்திக்கு ஓர் அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அடிக்குறிப்பில் சொன்ன இடத்தில் அந்தச் செய்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலர். பிறகு நிதானமாகத் திறந்தபோது ஒரு கட்டுரை மாட்டியது. அது சான்றாகக் காட்டிய இணையப் பக்கம், நம் கலைக்களஞ்சியத்தின் பழைய பதிப்பையே வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தது. நாம் சொன்னதற்கு நாமே சாட்சி! கட்டுரையைத் தேர்ச்சிப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடியும் வரிசையில் நிறுத்தினோம். அதற்குத் தேர்ச்சி கொடுத்தவன் அடியேன்தான்.

அதனால்தான் எண்ணிக்கைகளை இணைப்பில் தந்துவிட்டு, இங்கே படிக்காமல் விடுகிறேன்.

மதிப்பாய்வு முடியாத எதையும் வாசகருக்குக் காட்டவே கூடாது என்று உறுப்பினர் சிலர் எழுத்து மூலம் கோரினார்கள். செயற்குழு இதை இரண்டு கூட்டங்களில் விவாதித்தது. 2000-இல் தொடங்கிய நியூபீடியா என்ற ஆங்கில இணையக் கலைக்களஞ்சியம் இதைத்தான் செய்தது. வல்லுநர்கள், ஏழு படிநிலைகள், எல்லாம் பக்காவான ஏற்பாடு. முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள். அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று, யாரும் எழுதலாம் என்று திறந்துவிட்ட விக்கிப்பீடியா ஓராண்டுக்குள் பல்லாயிரம் கட்டுரைகளைத் தாண்டியது; நியூபீடியா 2003-இல் மூடப்பட்டது. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு தொடர்புபடுத்திய பொய், நான்கு மாதங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் ஆங்கில விக்கிப்பீடியாவில் கிடந்தது. அதன் பிறகே, கணக்கில்லாதவர்கள் அங்கே புதுப் பக்கம் தொடங்குவது தடுக்கப்பட்டது. ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 முதல், புதியவர்களின் திருத்தத்தை அனுபவப்பட்ட ஒருவர் பார்த்த பின்பே பொதுவில் காட்டுகிறது. நல்ல முறைதான், ஆனால் பார்ப்பதற்கு அங்கும் ஆள் வேண்டும். வரிசை இடம் மாறுகிறதே தவிரக் காணாமல் போவதில்லை. கோரிக்கை ஏற்கப்படவில்லை.

ஆள் ஏன் கிடைப்பதில்லை? எழுதுகிறவர் தனக்குத் தெரிந்ததை எழுதுகிறார்; பக்க வரலாற்றில் அவர் பெயர் நிற்கிறது. மதிப்பிடுகிறவரோ தனக்குத் தெரியாத துறைக்குள் போய், கைக்கு அகப்படாத நூலைத் தேடி, செயலிழந்த இணைப்புக்கு ஆவணப் பிரதி கண்டுபிடித்து, ஒரு வாக்கியத்துக்காக ஒரு மாலையைத் தொலைக்கிறார். கடைசியில் 'சான்று போதாது' என்று எழுதினால் நண்பரின் மனத்தாங்கல்தான் மிச்சம். தன் கட்டுரையைத் தானே மதிப்பிடக் கூடாது என்ற விதி இருப்பதால், சிறிய வட்டத்தில் இது இன்னும் சங்கடம். நீங்கள் என்னுடையதைப் பாருங்கள், நான் உங்களுடையதைப் பார்க்கிறேன் என்ற பேச்சு நம்மிடமும் உண்டு, மறைப்பானேன்?

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். பயிற்சிக்கு வந்த மாணவி ஒருவர் முதல் கட்டுரையை நல்ல சான்றுகளோடு எழுதி வரிசையில் வைத்தார். நாங்கள் எடுத்துப் பார்த்தபோது பருவமே மாறிவிட்டது. கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதுவரை பதில் இல்லை. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரே ஒரு விதியை முன்வைக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் புதிய கட்டுரைகளிலிருந்து சுவையான செய்திகளைக் காட்டும் 'உங்களுக்குத் தெரியுமா' பகுதிக்கு, பலமுறை பரிந்துரைத்து அனுபவம் பெற்றவர் புதிதாக ஒன்றைப் பரிந்துரைக்கும்போது பிறர் பரிந்துரை ஒன்றை மதிப்பிட்டாக வேண்டும். அதை நாமும் எடுத்துக்கொள்வோம். ஆனால் உங்கள் கட்டுரையைப் பார்த்தவருடையதை நீங்கள் பார்க்க முடியாது. எந்தெந்தச் சான்றைத் திறந்து பார்த்தீர்கள் என்பதைப் பேச்சுப் பக்கத்தில் எழுத வேண்டும். பதக்கம் கிடையாது. புதியவர்களின் முதல் கட்டுரை மட்டும் வரிசையில் முன்னால் போகும். இதனால் நிலுவை கூடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கட்டுரைகளைச் சீர்செய்யும் துப்புரவுப் பணியைச் சத்தமில்லாமல் செய்தவர்களுக்கு நன்றி. இவ்வறிக்கையையும் மேற்படி விதியையும் ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்