அப்பாவின் கண்ணைக் காத்தவர்களுக்கு நன்றி

அரவிந்த் கண் ஆஸ்பத்திரி சின்னமனூரில் நடத்தும் சிறு கண் பரிசோதனை மையமான விஷன் சென்டரின் சிஸ்டர்களுக்கும், தேனி அரவிந்த் ஆஸ்பத்திரியிலிருந்து திரையில் பேசிய டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

கதிரடிக்கும்போது நெல் தெறித்து அப்பாவின் வலது கண் சிவந்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டார். எரிச்சல் அடங்கினது போல இருந்தது; அப்புறம் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. அறுப்பு முடியட்டும், தேனிக்குப் போய்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தவரைப் பக்கத்து வயல் அண்ணன்தான் பைக்கில் ஏற்றி சின்னமனூருக்குக் கூட்டிப்போனார். அண்ணனுக்கு முதல் நன்றி.

"என்ன மருந்து விட்டீங்க, பாட்டிலைக் காட்டுங்க ஐயா" என்றுதான் சிஸ்டர் தொடங்கினார். பார்த்ததும், இது ஸ்டீராய்டு, இனி ஒரு சொட்டுகூட வேண்டாம் என்றார். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் சிவப்பு குறைந்ததாகக் காட்டிக்கொண்டே உள்ளே புண் வளரும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. புண் இருக்கும் இடத்தைக் காட்டும் சாயத்தாளைக் கண்ணில் தொட்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் நீல வெளிச்சம் அடித்தார். கருவிழியின் ஓரத்தில் பாதி உளுந்தளவுக்குப் பச்சையாக மின்னியது. அதைப் படமெடுத்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா திரையில் வந்துவிட்டார்.

"ஐயா, இது கருவிழிப் புண். நாளைக்குன்னு வைக்காதீங்க, இன்னிக்கே வாங்க. இங்க சொல்லி வைக்கிறேன்."

யார் சொல்லியும் வயலை விட்டு வராத அப்பா, முகம் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தைக்குத்தான் கிளம்பினார். வெறும் போனில் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

தேனியில் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சைதான் என்று உறுதி செய்தார்கள். பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் சொட்டு மருந்து, மணிக்கு ஒரு தடவை. ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து மருந்து விட்ட அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! தழும்பு லேசாக இருக்கிறது. ஆனால் பஸ் போர்டை வாசிக்கிறார்.

1990களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. எத்தனை பேர் எங்களைப் போல வயல்வேலைக்காரர்களோ! 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியையும், பின்னாளில் தேனியிலிருந்து எங்கள் பக்கத்துச் சென்டர்களுக்கு டாக்டர்கள் இப்படித் திரையில் பேச நெடுந்தூர வைஃபை இணைப்பு அமைக்க உழைத்த அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்களையும் நன்றியோடு நினைக்கிறோம்.

கண்ணாடிக்கு அளவு பார்க்க அடுத்த வாரம் சென்டருக்கு வருகிறோம். சிஸ்டர்களுக்கு வீட்டுத் தோட்டத்துத் தேங்காய் கொண்டுவர வேண்டுமென்று அப்பா இப்போதே எடுத்து வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஒரு விவசாயக் குடும்பம்