பழைய படங்களுக்கு வாரம் ஒரு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஏற்காட்டில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்க பழைய கருப்பு வெள்ளைப் படங்கள். மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி, பட்டுப்பாவாடையில் இரண்டு சிறுமிகள், மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. இவர்கள் யார் என்று கேட்டேன். "தெரியலைங்க, பழைய சாமான் கடையில மொத்தமா வாங்கினது, அழகுக்கு மாட்டியிருக்கோம்" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் சேலத்திலேயே எங்காவது, பாட்டி முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இருக்கலாம் இல்லையா? அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். விலாசம் சரியில்லாத கடிதத்தை நாங்கள் குப்பையில் போட்டதில்லை, அதைப் பிரித்துப் பார்த்து அனுப்பியவரையாவது கண்டுபிடிக்கத் தனி அலுவலகமே உண்டு. அந்தப் பழக்கம் விடவில்லை. நான்கு வருடமாக செவ்வாய்ப்பேட்டை பக்கத்துக் கடைகளில் கிடக்கும் குடும்பப் படங்களை வாங்கி வருகிறேன். 31 படம் சேர்ந்தது, அதில் 4 படம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் படம் கிடைத்த கதையைச் சொல்கிறேன். கடைக்காரர் ஒரு தேக்குச் சட்டத்தின் பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், கண்ணாடி பதித்து விற்பதற்காக. "படம் வேணும்னா சும்மா எடுத்துக்குங்க சார், சட்டத்துக்குத்தான் காசு" என்றார். ஒன்பது பேர் இருக்கும் குடும்பப் படம். அட்டையின் பின்னால் பென்சிலில் ஒரு எண், மங்கிய ரப்பர் முத்திரையில் 'சேலம் - 1' என்று மட்டும் இருந்தது. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது, ஆகவே படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்று பிடித்துக்கொண்டேன். சேலம் குகைப் பகுதியில் வயதான ஒரு போட்டோகிராபர் இருக்கிறார், அவரிடம் காட்டியதும் ஆட்களைப் பார்க்கவே இல்லை, பின்னால் இருந்த படிக்கட்டு வரைந்த திரையைப் பார்த்துவிட்டு, அதன் வலது மூலையில் மழை ஒழுகிய கறையைத் தொட்டுக் காட்டி, இது எங்க அப்பா ஸ்டுடியோ திரை என்றார். பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த நாளில் அம்மாபேட்டை நெசவுக்காரர்கள்தான் குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்றார். அப்புறம் மூன்று மாதம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அம்மாபேட்டை டீக்கடைகளில் அலைந்தேன். கடைசியில் தெரு பெயரோடு ஒருவர் அடையாளம் சொன்னார். அந்த வீட்டில் 80 வயது தாண்டிய அம்மா, படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த வாட்ச் எங்களுது இல்லீங்க, படம் புடிக்க பக்கத்து வீட்டு வாத்தியார்கிட்ட எரவல் வாங்குனது" என்றார். இறந்துபோன தன் அக்காவின் படம் வேறு எதுவும் அவரிடம் இல்லை. பாகப்பிரிவினையில் வீட்டை இடித்தபோது கதவு ஜன்னலோடு இதுவும் போயிருக்கிறது, யாரும் வேண்டுமென்று தூக்கிப் போடவில்லை.

இப்படித் துப்புக் கொடுக்கும் விஷயங்கள் நிறைய. படத்தில் கடைப் பலகை தெரிந்து, அதில் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்பு போட்ட பழைய 'லை', 'னை' இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். முகவரியில் 'மதராஸ் மாநிலம்' என்று இருந்தால் 1969க்கு முன்னால். இதெல்லாம் பின் அட்டையிலும் ஓரத்திலும்தான் இருக்கும், கடைக்காரர்கள் முதலில் கிழித்து எறிவதும் அதைத்தான். தயவுசெய்து சட்டத்தைப் பிரிக்கும் முன் பின்பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், எந்த ஊரில், எந்த வீதியில் வாங்கியது என்று பென்சிலில் ஒரு வரி எழுதுங்கள். ஸ்டுடியோக்களிடம் நெகட்டிவ் இருக்குமே என்று நம்ப முடியாது, பலர் அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் மூலம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களை ஸ்கேன் செய்தது பெரிய வேலை. ஆனால் படத்தில் இருப்பவர் பெயரை ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும்.

என்னிடம் இருப்பதில் மனதை அறுப்பது ஏற்காட்டு எஸ்டேட் படம் ஒன்று. பங்களா வாசலில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் நாற்காலியில், அவர்கள் பெயர் மட்டும் கீழே வரிசையாக மையில் எழுதியிருக்கிறது. பின்னால் நிற்கும் 20 மலை மக்களுக்குப் பெயரே இல்லை. துரைமார் குடும்பத்தைத் தேடுவது சுலபம், சர்ச் ஞானஸ்நானப் பதிவுகளின் நகல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலேயே இருக்கிறது. காபிக்கொட்டை பறித்த கைகளுக்கு எஸ்டேட் செக்ரோல் என்ற கூலியாட்கள் பதிவேட்டை விட்டால் வேறு ஏடு ஏது? இடுப்பில் குழந்தையோடு நிற்கும் அந்தப் பெண்ணை நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ ஒரு வயசாளி பார்த்தால், சாடை வைத்தாவது சொல்ல மாட்டாரா?

ஆகவே என் வேண்டுகோள், உங்கள் சேலம் பதிப்பில் ஞாயிறுதோறும் ஒரு படத்துக்கு இடம் கொடுங்கள். முன்பக்கத்தை மட்டும் போடுங்கள், பின்னால் எழுதியிருப்பதை வெளியிட வேண்டாம், உரிமை கோரி வருபவர் சரியானவரா என்று பார்க்க அது வேண்டும். காசு வாங்காமல் கொடுப்பவர்களின் படம் மட்டும் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மஞ்சள் நீராட்டுப் படங்கள், ஜடையில் பூத் தைத்துக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து எடுத்தவை, கடைகளில் நிறைய வருகின்றன. அவற்றைப் போடவே கூடாது. அந்தப் பெண்கள் இன்று 60, 65 வயதில் நம்மோடு இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. என்னிடமுள்ள அந்த மாதிரிப் படங்களை உறை போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.

எஸ்டேட் படத்தை ஸ்கேன் செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து ஜனங்கள் எல்லாம் ஒன்றாக வருவார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதைப் பெரிதாகப் போட்டால், பேப்பரை எடுத்துக்கொண்டு நானே மேலே போய் ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.